கிளாரா லெம்லிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் மாதம் வந்தால் போதும், கிளாரா லெம்லிக்கின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கைபேசிகளில் சுற்ற ஆரம்பித்துவிடும். கூடவே நாலு வரிக் குறிப்பு. நியூயார்க், 1909, கூட்டத்திலிருந்து எழுந்து மேடையேறிய ஒரு தையல் தொழிலாளி, ஒரு நிமிடப் பேச்சு, மறுநாள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம். சொல்வது பொய்யில்லை. ஆனால் 96 வயது வரை வாழ்ந்த ஒருவரை அந்த ஒரு நிமிடத்துக்குள் அடைத்துவிடுகிறோம். அதனால் வருகிற கேள்விகளும் பெரும்பாலும் அந்த ஒரு ராத்திரியைச் சுற்றியே இருக்கின்றன. அவற்றுக்கும் பதில் சொல்லி, அதற்கு முன்னும் பின்னும் நடந்ததையும் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன்.

சுருக்கமாக, யார் இவர்?

1886-இல் அன்றைய ரஷ்யப் பேரரசின் பகுதியாக இருந்த உக்ரைனில், கோரடோக் என்ற ஊரில் பிறந்த யூதப் பெண். பதின்ம வயதில் குடும்பத்தோடு நியூயார்க் வந்து தையல் பட்டறையில் சேர்ந்தார். 1909-இல் பெண்கள் சட்டை தைக்கும் தொழிலாளர்களின் மாபெரும் வேலைநிறுத்தத்தைத் தொடங்கிவைத்தவர் என்று பெயர் பெற்றார். 1982-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு முதியோர் இல்லத்தில் காலமானார்.

மகளிர் நாளைத் தொடங்கிய கிளாரா இவர்தானே?

இல்லை. அது கிளாரா ஜெட்கின், ஜெர்மன் சோஷலிஸ்ட் தலைவர், இவரைவிட ஏறக்குறைய முப்பது வயது மூத்தவர். 1910-இல் கோபன்ஹேகனில் கூடிய சோஷலிஸ்ட் பெண்கள் மாநாட்டில் உலக மகளிர் நாள் யோசனையை முன்வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். பெயர் ஒன்று, காலம் ஒன்று, இரண்டு பேரும் இடதுசாரிகள் என்பதால் படத்தை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நியூயார்க் வேலைநிறுத்தத்தின் நினைவாகத்தான் மார்ச் 8 வந்தது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அமெரிக்க சோஷலிஸ்ட் கட்சி தன்னுடைய மகளிர் நாளைக் கொண்டாடியது 1909 பிப்ரவரி 28-இல். லெம்லிக்கின் வேலைநிறுத்தம் அதே ஆண்டு நவம்பரில்தான் வெடித்தது. மார்ச் 8 என்ற தேதி நிலைத்ததற்குக் காரணம் 1917-இல் அன்றைய ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடில் பெண் தொழிலாளர்கள் தெருவில் இறங்கியது. பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி அது பிப்ரவரி 23.

சிறுவயதில் என்ன படித்தார்?

இது எனக்குப் பிடித்த கேள்வி. அவர் வீட்டில் பேச்சுமொழி யிட்டிஷ். ஜெர்மன் சாயலில் ஒலிக்கும், எபிரேய எழுத்தில் எழுதப்படும், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி. அப்பா மிகுந்த மதப்பற்று உள்ளவர். யூதப் பிள்ளைகளை ஒதுக்கிவைக்கிற அரசின் மொழி நமக்கு எதற்கு என்று வீட்டுக்குள் ரஷ்ய மொழியையே தடை செய்திருந்தார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

பெண்ணோ விடுகிற ஆளில்லை. குடியானவர் வீட்டுப் பிள்ளைகளிடம் நாட்டுப்பாடல்களைக் கற்றுக்கொள்வார். அவற்றைத் தன்னைவிடப் பெரிய யூதப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். பதிலுக்கு அவர்கள் ரஷ்ய எழுத்தும் படிப்பும் சொல்லித்தர வேண்டும். பண்டமாற்று! புத்தகம் வாங்கக் காசு வேண்டுமே? தையல்காரர்களுக்குக் காஜா எடுத்துக் கொடுத்தார். எழுதத் தெரியாத அம்மாக்களுக்கு, அமெரிக்கா போய்விட்ட பிள்ளைகளுக்கான கடிதங்களை எழுதிக் கொடுத்தார். வாங்கிய புத்தகங்களை அடுப்படியில் இறைச்சிப் பாத்திரத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். ஒருநாள் அப்பா கண்டுபிடித்து எல்லாவற்றையும் எரித்துவிட்டார். மகள் மறுபடியும் முதல் புத்தகத்திலிருந்து சேர்க்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வழியாகப் புரட்சிகர நூல்களும் கைக்கு வந்தன.

பின்னாளில் நியூயார்க்கில் பகல் முழுக்கத் தைத்துவிட்டு இரவில் வகுப்புக்கும் நூலகத்துக்கும் போனவர் இவர்தான். காஜா எடுத்துப் புத்தகம் வாங்கிய கைக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது.

ஏன் அமெரிக்கா போனார்கள்?

1903 ஏப்ரலில் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் யூதர்கள் மீது பெரும் கலவரம் நடந்தது. ஐம்பதுக்குச் சற்றுக் குறைவானோர் கொல்லப்பட்டார்கள், நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. அதன்பிறகு இனி இங்கே வாழ முடியாது என்று புறப்பட்ட குடும்பங்களில் லெம்லிக் குடும்பமும் ஒன்று. 1880-களிலிருந்து 1924 வரை இப்படிக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஏராளமானோர் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். கையில் இருந்த தொழில் தையல். நகரத்தில் ஆள் தேவைப்பட்ட தொழிலும் அதுவே.

அவர் தைத்தது என்ன துணி?

ஷர்ட்வெய்ஸ்ட். ஆண்கள் சட்டையைப் போலவே காலரும் முன்பக்கம் பட்டனும் வைத்து, பாவாடைக்குள் சொருகிப் போடும் பெண்கள் சட்டை. அலுவலகத்துக்கும் கடைக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்த புதுத் தலைமுறைப் பெண்களின் உடை அது. அதைத் தைத்தவர்களும் பெரும்பாலும் பதினாறிலிருந்து இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பெண்கள். யூதப் பெண்கள் அதிகம், அடுத்தபடியாக இத்தாலியப் பெண்கள்.

லெம்லிக் சாதாரண மெஷின் பெண் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். துணியைப் பொம்மை உருவத்தின் மேல் போட்டு மடிப்பும் வடிவமும் அமைக்கும் வேலை அவருடையது. அதற்குக் கைத்திறன் வேண்டும், சம்பளமும் கொஞ்சம் கூடுதல். தன்னளவில் சமாளித்துக்கொண்டு போயிருக்கக்கூடியவர்.

பட்டறை உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

1909 நவம்பர் கடைசியில், வேலைநிறுத்தம் சூடாக இருந்த நேரத்தில், நியூயார்க் மாலைப் பத்திரிகை ஒன்றில் லெம்லிக்கே எழுதியிருக்கிறார். காலை ஏழு மணிக்கு மெஷின் முன்னால் இருக்க வேண்டும். இரவு எட்டு வரை வேலை. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். நிலையான சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு வாரத்துக்கு 6 டாலர். பீஸ் கணக்கில் தைப்பவர்கள் தனி. வரிசை வரிசையாக மெஷின்கள் இருந்தாலும் ஜன்னலை ஒட்டிய முதல் வரிசைக்கு மட்டும்தான் வெளிச்சம். மற்ற வரிசைகளில் பகலிலும் எரிவாயு விளக்கில்தான் தைக்க வேண்டும்.

துணி கிழிந்தாலோ கறைபட்டாலோ, செய்தது யாராக இருந்தாலும், தைத்தவள் கணக்கில் பிடித்தம். சில நேரம் முழு கஜத்துக்கும். வேலை குறையும் பருவம் தொடங்கும்போது சம்பளத்தில் 2 டாலர் பிடிப்பார்களாம். எதற்கென்று கடைசி வரை தெரியவில்லை என்கிறார். இது போக ஊசிக்கும் நூலுக்கும் மின்சாரத்துக்கும் தொழிலாளியிடமே வசூலித்த பட்டறைகள் இருந்தன. கை தேர்ந்து பல மாதம் ஆன பெண்ணையும் ‘கற்றுக்கொள்கிறவள்’ என்ற பெயரிலேயே வைத்து அரைச் சம்பளம் கொடுக்கும் தந்திரமும் இருந்தது.

அந்தக் கட்டுரையில் என் மனதில் நிற்பது தொப்பி. பெண்கள் புதுத் தொப்பி வாங்கினால், ஐம்பது சென்ட்டுக்கு மேல் போகாத மலிவுத் தொப்பிதான், அதை மாட்டிவைக்கக்கூடப் பட்டறையில் ஒழுங்கான இடம் கிடையாது. ஒரு நாளிலேயே பாழாகிவிடும். நாங்களும் மனுஷிகள்தான், இளம்பெண்கள்தான், மற்றப் பெண்களைப் போலப் புதுத் தொப்பி எங்களுக்கும் பிடிக்கும் என்று எழுதுகிறார். சம்பளக் கோரிக்கைகளின் நடுவே தொப்பியைக் கொண்டுவந்து வைக்க ஒரு தைரியம் வேண்டும்.

முதலாளிகளும் யூதர்கள்தானே? அப்படியானால் எதற்குச் சண்டை?

ஆமாம், பலர் யூதர்கள்தான். அவர்களும் கப்பலில் வந்து இறங்கி, பத்துப் பதினைந்து வருடம் முன்பு அதே மெஷினில் உட்கார்ந்திருந்தவர்கள். ஒரே தெரு, ஒரே மொழி, ஒரே ஜெபக்கூடம். இருந்தாலும் யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையிலும் பட்டறை திறந்திருக்கும், ‘ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால் திங்கட்கிழமையும் வரவேண்டாம்’ என்ற மிரட்டலும் இருக்கும். உறவு முறை கூலியைக் கூட்டித் தரவில்லை.

சங்கத்துக்குள் எப்படி வந்தார்?

1906-இல். சர்வதேசப் பெண்கள் உடைத் தொழிலாளர் சங்கம் என்று ஒரு பெரிய அமைப்பு 1900-த்திலேயே தொடங்கப்பட்டிருந்தது. பெயரில்தான் ‘பெண்கள்’, அதுவும் பெண்கள் உடை என்ற பொருளில். தலைமை முழுக்க ஆண்கள் கையில். பெண்கள் நாலு வருஷம் தைப்பார்கள், கல்யாணம் ஆனால் போய்விடுவார்கள், இவர்களை நம்பிச் சங்கம் கட்ட முடியுமா என்பது அவர்கள் எண்ணம். லெம்லிக்கும் சில பெண்களும் சேர்ந்து சட்டை தைப்பவர்களுக்கென 25-ஆம் எண் கிளையை உருவாக்கினார்கள். அதன் செயற்குழுவிலும் அவர் இடம்பெற்றார்.

லெய்சர்சன் என்பவரின் பட்டறையில் வேலை செய்தபோது நடந்த ஒரு சம்பவம் போதும், அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய. அங்கே நல்ல சம்பளம் வாங்கிய மூத்த ஆண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் பற்றித் தங்களுக்குள் ரகசியமாகக் கூட்டம் போட்டார்கள். அழைக்காமலே லெம்லிக் உள்ளே நுழைந்தார். மெஷினில் இருக்கும் பெண்களைச் சேர்க்காமல் இறங்கினால் தோற்றுவிடுவீர்கள், அவர்களைத் திரட்ட எனக்கு உதவி செய்யுங்கள் என்றார். அவர்களுக்கு எரிச்சல்தான். கடைசியில் உதவினார்கள்.

அவரை அடியாட்கள் தாக்கினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1909 செப்டம்பரில், லெய்சர்சன் பட்டறை வாசல் மறியல் நடந்துகொண்டிருந்த நாட்களில், கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் அடித்ததில் ஆறு விலா எலும்புகள் முறிந்தன. மழை மாதிரி அடி விழுந்தது என்று பின்னாளில் சொன்னார். வீட்டில் தெரிந்தால் வெளியே விடமாட்டார்கள் என்று காயங்களை அப்பா அம்மாவிடம் மறைத்தார். அந்தப் போராட்டத்தின்போது மொத்தம் 17 முறை கைது செய்யப்பட்டார். கொஞ்சம் தேறியதும் மறுபடி மறியலுக்கே போனார்.

சரி, கூப்பர் யூனியன் ராத்திரிக்கு வருவோம். என்னதான் நடந்தது?

1909 நவம்பர் 22. கூப்பர் யூனியன் என்பது மன்ஹாட்டனில் உள்ள ஒரு கல்வி நிறுவனம். அதன் அடித்தளத்தில் உள்ள பெரிய அரங்கில் 1860-இல் லிங்கன் பேசியிருக்கிறார். அன்றைக்கு அங்கே நிற்க இடமில்லை. இடம் போதாமல் பக்கத்து மண்டபங்களிலும் கூட்டம்.

லெய்சர்சன் பட்டறையிலும் டிரையாங்கிள் என்ற சட்டைக் கம்பெனியிலும் ஏற்கெனவே வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. மற்றப் பட்டறைகளும் இறங்குவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. மேடையில் அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ், பெண்கள் தொழிற்சங்க லீகின் மேரி டிரையர், மேயர் லண்டன் என்ற பெயருள்ள வழக்கறிஞர் எல்லாரும் இருந்தார்கள். ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஆதரவும் சொன்னார்கள், அவசரப்படாதீர்கள் என்று எச்சரிக்கையும் செய்தார்கள். இரண்டு மணி நேரம் போய்விட்டது. முடிவு மட்டும் வரவில்லை. நம்மூர்க் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரத்தை விளக்க வேண்டியதில்லை.

அப்போது கூட்டத்திலிருந்து லெம்லிக் பேச அனுமதி கேட்டார். ‘மேடைக்குப் போ’ என்று சுற்றி இருந்தவர்கள் குரல் கொடுத்தார்கள். யிட்டிஷில் பேசினார். அவர் சொன்ன வார்த்தைகளை அன்றைய பத்திரிகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கின்றன. சாரம் ஒன்றுதான்: நானும் வேலைநிறுத்தத்தில் இருக்கும் ஒரு தொழிலாளி. பொதுவாகப் பேசுகிறவர்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. வேலைநிறுத்தமா இல்லையா என்று முடிவெடுக்கத்தான் வந்திருக்கிறோம். பொது வேலைநிறுத்தம் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன், இப்போதே.

அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. அது அடங்கியதும், தலைமை தாங்கிய பெஞ்சமின் ஃபைகன்பாம் ஒன்று செய்தார். மனதறிந்துதான் கை தூக்குகிறீர்களா, பழைய யூத உறுதிமொழியை எடுப்பீர்களா என்று கேட்டார். ஆயிரக்கணக்கான வலது கைகள் உயர்ந்தன. ‘இப்போது உறுதி கூறும் லட்சியத்துக்கு நான் துரோகம் செய்தால், உயர்த்திய இந்தக் கை வாடிப்போகட்டும்.’ எருசலேமை மறந்தால் என் வலது கை செயலிழக்கட்டும் என்ற வேதாகமச் சங்கீத வரியைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். எருசலேம் இருந்த இடத்தில் இப்போது வேலைநிறுத்தம் வந்து உட்கார்ந்துவிட்டது. தவிர, அத்தனை பேரும் கையால் பிழைப்பவர்கள். கை வாடட்டும் என்று ஒரு தையல்காரி சொல்வதற்கு இருக்கிற எடை வேறு.

அப்போது அவருக்கு வயது 19 என்கிறார்களே?

1886-இல் பிறந்தவருக்கு 1909-இல் 23 வயது. ஆள் குள்ளம், மெலிந்த உடல். ‘சின்னஞ்சிறு பெண் திடீரென்று எழுந்தாள்’ என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும் அல்லவா? அந்தத் ‘திடீர்’தான் எனக்கு உறுத்தல். மூன்று வருடமாகக் கிளைச் செயற்குழுவில் இருந்தவர், பல வாரமாக மறியலில் நின்றவர், விலா எலும்பு முறிந்து எழுந்தவர். அரங்கத்தில் பலருக்கு அவர் முகம் தெரியும். அங்கே எழுந்தது ஒரு அனுபவசாலி.

வேலைநிறுத்தம் ஜெயித்ததா?

பெரும்பாலும் ஜெயித்தது. மறுநாள் காலையில் சுமார் 15,000 பேர் வெளியே வந்தார்கள். சில நாட்களில் எண்ணிக்கை 20,000-ஐத் தாண்டியது. ‘இருபதாயிரம் பேரின் எழுச்சி’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அதற்குச் சில மாதம் முன்பு 25-ஆம் கிளையில் நூறு பேர்தான் இருந்தார்கள், கையிருப்பு 4 டாலர் என்று சங்க வரலாற்றில் எல்லோரும் சொல்லும் கணக்கு.

கொட்டும் பனியில் மறியல் நடந்தது. போலீஸும் அடியாட்களும் ஒரு பக்கம், கருங்காலிகள் ஒரு பக்கம். முதல் ஒரு மாதத்துக்குள் எழுநூறுக்கும் மேற்பட்ட கைதுகள். ஒரு நீதிபதி, நீங்கள் கடவுளுக்கும் இயற்கைக்கும் எதிராக வேலைநிறுத்தம் செய்கிறீர்கள் என்று பெண்களிடம் சொன்னார். செய்தி லண்டனில் இருந்த பெர்னார்ட் ஷாவுக்குப் போனது. அவர் தந்தி அடித்தார்: அருமை! இடைக்கால அமெரிக்கா எப்போதும் ஆண்டவனின் அந்தரங்க நம்பிக்கைக்குரியதாகவே இருக்கிறது.

1910 பிப்ரவரியில் போராட்டம் முடிந்தபோது 353 நிறுவனங்களில் 339 சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தன. வாரத்துக்கு 52 மணி நேர வேலை, சம்பளத்தோடு நான்கு விடுமுறை நாட்கள், ஊசிக்கும் நூலுக்கும் காசு வாங்கக்கூடாது. அந்த ஆண்டு கோடையில் கோட்டு தைக்கும் ஆண் தொழிலாளர்கள் அறுபதாயிரம் பேர் அளவில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பெண்களை நம்பிச் சங்கம் கட்ட முடியாது என்ற பழைய பேச்சு அத்தோடு கொஞ்சம் அடங்கியது. தலைமை மட்டும் ஆண்களிடமே இருந்தது.

கோடீஸ்வரப் பெண்கள் மறியலில் நின்றதாகப் படித்தேன். உண்மையா?

உண்மை. வங்கி அதிபர் ஜே. பி. மோர்கனின் மகள் ஆன் மோர்கன், ஆல்வா பெல்மான்ட் போன்றவர்கள் பணமும் கொடுத்தார்கள், நேரிலும் வந்தார்கள். அவர்கள் அணிந்துவந்த விலை உயர்ந்த ரோமக் கோட்டை வைத்து ‘மிங்க் படை’ என்று பத்திரிகைகள் கேலி செய்தன. பயன் இருந்தது. சீமாட்டி பக்கத்தில் நிற்கும்போது போலீஸ்காரர் தடியை ஓங்கத் தயங்குவார். முன்பு மேரி டிரையரை யாரென்று தெரியாமல் கைது செய்துவிட்டு, பெரிய இடம் என்று தெரிந்ததும் வருத்தம் தெரிவித்து அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற தையல்காரியிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

டிரையாங்கிள் தீவிபத்தில் தப்பியவரா இவர்?

இல்லை, அவர் அந்தக் கம்பெனியில் வேலை செய்யவில்லை. ஆனால் சம்பந்தம் உண்டு. வேலைநிறுத்தத்தின் முடிவில் சங்கத்தை ஏற்காமல் தப்பித்துக்கொண்ட நிறுவனங்களில் டிரையாங்கிள் முக்கியமானது. 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, வேலை முடியும் நேரத்தில், அந்தக் கம்பெனி இருந்த ஆஷ் கட்டடத்தின் எட்டாவது மாடியில் தீப்பிடித்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. தீயணைப்பு வீரர்களின் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள், அவர்களில் 123 பேர் பெண்கள். பலர் ஜன்னலிலிருந்து குதித்தவர்கள்.

லெம்லிக்கின் உறவுப்பெண் ஒருத்தி அங்கே வேலை செய்தாள். வரிசையாகக் கிடத்தியிருந்த உடல்களுக்கு நடுவே லெம்லிக் தேடிக்கொண்டு போனார். அந்தப் பெண் அங்கே இல்லை என்று தெரிந்ததும், அடக்கமாட்டாமல் சிரிப்பும் அழுகையுமாக வெடித்தார் என்று ஒரு நிருபர் எழுதியிருக்கிறார்.

முதலாளிகள் மாக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் இருவரும் தீவிபத்து வழக்கிலிருந்து அதே ஆண்டு டிசம்பரில் விடுதலை ஆனார்கள்.

அதன்பிறகு தையல் தொழிலை விட்டுவிட்டாரா?

விடவைத்தார்கள். அவர் பெயர் முதலாளிகளின் கருப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. அவரும் பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தின் பக்கம் திரும்பினார். அதற்கு அவர் சொன்ன காரணம் ரொம்ப நேரடியானது. முதலாளிக்கு ஓட்டு இருக்கிறது, மேஸ்திரிக்கு இருக்கிறது, பட்டறையைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டருக்கு இருக்கிறது. தொழிலாளிப் பெண்ணுக்கு இல்லை. ஆகவே கட்டடம் சுத்தமாகவும் பத்திரமாகவும் இருக்க வேண்டும் என்று அவள் கேட்டால் அதிகாரிகள் காது கொடுக்க வேண்டியதில்லை.

நடுத்தர வர்க்கப் பெண்கள் நடத்திய வாக்குரிமை இயக்கத்தில் அவருக்கு ஒட்டவில்லை. ரோஸ் ஷ்னைடர்மன் போன்றவர்களோடு சேர்ந்து உழைக்கும் பெண்களுக்கென்று தனி வாக்குரிமை லீக் தொடங்கினார். இடையில் வாக்குரிமைத் தலைவர் மேரி பியர்ட் அவரைச் சம்பளத்துக்கு அமைப்பாளராக வைத்து, ஒரு வருடம் முடிவதற்குள் வேலையிலிருந்து நீக்கினார். எங்கே போனாலும் இரண்டு பக்கமும் இடி.

கல்யாணம், குழந்தைகள்?

1913-இல் அச்சுத் தொழிலாளர் சங்கத்தில் இருந்த ஜோ ஷேவல்சனை மணந்தார். மூன்று குழந்தைகள். குடும்பம் புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்தது. பெரும்பாலான குறிப்புகளில் கதை இங்கே முடிந்துவிடும். எனக்கு இங்கேதான் சுவாரசியம் கூடுகிறது.

பட்டறை போனது, சரி. அடுப்படி இருக்கிறதே? இறைச்சி விலை ஏறினால், வீட்டு வாடகை ஏறினால் அடிபடுவது யார்? சங்கம் என்றால் தொழிற்சாலைக்குள் நடப்பது என்றே தோழர்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, லெம்லிக் படிக்கட்டு ஏறி இறங்கி இல்லத்தரசிகளைச் சேர்க்க ஆரம்பித்தார். வாடகை கொடுக்க மறுப்பு, வெளியேற்றப்பட்ட குடும்பத்தின் சாமான்களை மறுபடி வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பது, சாப்பாட்டுப் பொருள் புறக்கணிப்பு என்று பல போராட்டங்கள். 1929-இல் உழைக்கும் வர்க்கப் பெண்களின் ஐக்கிய கவுன்சில் என்ற அமைப்பை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு. 1935-இல் இறைச்சி விலையை எதிர்த்து அவர்கள் நடத்திய புறக்கணிப்பில் நியூயார்க்கில் ஆயிரக்கணக்கான கசாப்புக் கடைகள் மூடிக்கிடந்தன, வேறு நகரங்களுக்கும் அது பரவியது. பட்டறையில் கற்ற மறியலைக் கசாப்புக் கடை வாசலுக்குக் கொண்டுபோனார், அவ்வளவுதான்.

கம்யூனிஸ்டா?

ஆமாம். 1920-களின் நடுவில் கட்சியில் சேர்ந்தார், அதை மறைத்ததும் இல்லை. பாதையை மாற்றிக்கொள்ளவும் இல்லை. ஸ்டாலின் காலத்து சோவியத் நாட்டைப் பற்றிய விமர்சனம் அவரிடமிருந்து வந்திருக்கலாம் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன். 1951-இல் சோவியத் நாட்டுக்குப் போய்வந்ததும் அமெரிக்க அரசு அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தது.

கடைசியில் தன் சங்கத்தோடேயே சண்டை போட்டாராமே?

கணவருக்கு உடல்நிலை மோசமானதால் 1940-களில் மறுபடி தையல் வேலைக்குப் போனார். 1954-இல் ஓய்வு பெற்றபோது, ஓய்வூதியத்துக்காகச் சங்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அந்தச் சங்கத்தின் வரலாற்றை எழுதினால் கூப்பர் யூனியன் ராத்திரி இல்லாமல் எழுத முடியாது. பென்ஷன் கணக்கு எழுதுகிறவருக்கோ பணிபுரிந்த ஆண்டுகள்தான் கணக்கு.

அப்போது சங்கத் தலைவர் டேவிட் டுபின்ஸ்கி. அவரும் ரஷ்யப் பேரரசில் பிறந்து, சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டுத் தப்பி வந்த யூதர்தான். 1932 முதல் 1966 வரை தலைவராக இருந்தவர், கம்யூனிஸ்டுகளைக் கண்டால் ஆகாது.

அந்த இடங்களை இன்றும் பார்க்க முடியுமா?

முடியும். கூப்பர் யூனியனின் பெரிய அரங்கம் அப்படியே இருக்கிறது. இப்போதும் கூட்டங்கள் நடக்கின்றன. ஆஷ் கட்டடமும் நிற்கிறது, நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பிரவுன் கட்டடம் என்ற பெயரில். இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த நினைவுச் சின்னம் அதன் வெளிச்சுவரில் 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது.

முதியோர் இல்லத்தில் சங்கம் கட்டினார் என்பது கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. 1960-களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யூத முதியோர் இல்லத்தில் சேர்ந்தார். எண்பதைத் தாண்டிய வயது. கலிபோர்னியாத் தோட்டத் தொழிலாளர்கள் சீசர் சாவேஸின் தலைமையில் திராட்சையையும் லெட்யூஸ் கீரையையும் புறக்கணிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த காலம். லெம்லிக் இல்ல நிர்வாகத்தோடு பேசிப் பேசி, சமையலறையில் அந்த இரண்டையும் வாங்காமல் நிறுத்தவைத்தார்.

அப்புறம், தனக்கும் மற்ற முதியவர்களுக்கும் பணிவிடை செய்துகொண்டிருந்த ஊழியர்களைப் பார்த்தார். உங்களுக்குச் சங்கம் இருக்கிறதா என்று விசாரித்து, அவர்கள் ஒன்று சேரவும் உதவினார்.